ஒரே உள்ளூர்க் கடவுச்சொல் திறந்துவிட்ட வலையமைப்பு: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

நடுத்தர அளவுள்ள ஓர் அலுவலகத்தில் நடந்த ஊடுருவல் இது. பெயர்களையும் அடையாளம் காட்டும் விவரங்களையும் தவிர்த்திருக்கிறேன். விசாரணைக்கும் மறுசீரமைப்புக்கும் உதவ வெளியிலிருந்து அழைக்கப்பட்ட குழுவில் நானும் இருந்தேன்.

சுமார் 160 பயனர் கணினிகள், பத்துக்கும் மேற்பட்ட சர்வர்கள். இரண்டு டொமைன் கண்ட்ரோலர்கள் (டொமைன் என்ற தொகுப்பில் இணைந்த கணினிகளின் கணக்குகளையும் உள்நுழைவுகளையும் மையமாக நிர்வகிப்பவை), ஒரு கோப்பு சர்வர், கணக்கியல் மென்பொருளுக்கும் அதன் தரவுத்தளத்துக்குமாக ஒன்று, காப்புப்பிரதிக்கு ஒன்று, மீதம் சில லினக்ஸ் சர்வர்கள். எல்லாவற்றையும் கவனித்துக்கொள்ள இரண்டு தொழில்நுட்பப் பணியாளர்களும் அவர்களுக்கு மேல் ஒரு பொறுப்பாளரும் இருந்தனர்.

பாதுகாப்பில் அக்கறையே இல்லாத இடம் என்று இதைச் சொல்லிவிட முடியாது. சர்வர் அறை பூட்டியிருக்கும். சர்வர்களுக்கு மாதந்தோறும் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் தவறாமல் நிறுவப்பட்டன. இணைய வாசலில் தரமான ஃபயர்வால் இருந்தது. தொலைவிலிருந்து ஒரு கணினியை இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான 3389 போர்ட் (வலையமைப்பு வாயில்) வெளியுலகுக்கு மூடப்பட்டிருந்தது. சாதாரணப் பயனர் எவருக்கும் தன் கணினியில் நிர்வாகி உரிமை கிடையாது. இந்தக் கடைசி ஏற்பாடு பல அலுவலகங்களில் இன்றுவரை இல்லை என்பதால் தனியே குறிப்பிடுகிறேன்.

பயனர் கணினிகளின் நிலை வேறு. விண்டோஸ் நிறுவும்போதே உருவாகும் உள்ளூர் நிர்வாகி கணக்குக்கு எல்லாக் கணினிகளிலும் ஒரே கடவுச்சொல். அதை வைத்த குரூப் பாலிசி (கணினிகளுக்கு மையத்திலிருந்து விதிகளை அனுப்பும் வசதி) டொமைனின் உச்சியில் இணைக்கப்பட்டிருந்ததால் சர்வர்களுக்கும் அதுவே போய்ச் சேர்ந்திருந்தது. அச்சுப்பொறி வேலை செய்யவில்லை என்று யாராவது அழைத்தால், தொழில்நுட்பப் பணியாளர் தன் இருக்கையிலிருந்தே ரிமோட் டெஸ்க்டாப்பில் அந்தக் கணினிக்குள் நுழைவார். அவர் பயன்படுத்தியது, டொமைன் முழுவதன் மீதும் உரிமையுள்ள டொமைன் நிர்வாகி கணக்கை. வேலை முடிந்ததும் சாளரத்தை மூடிவிடுவார். வெளியேறும் கட்டளையைக் கொடுப்பதில்லை.

முதலில் கண்ணில் பட்டது

ஒரு நாள் காலை, கோப்பு சர்வரின் இரவுக் காப்புப்பிரதி தோல்வியடைந்ததாக மின்னஞ்சல் வந்தது. வட்டில் இடம் போதாமல் இப்படி நேர்வது அங்கே வழக்கம்தான். பணியாளர் பழைய கோப்புகளை அழித்து இடம் பண்ணிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போயிருக்கலாம். அவர் அப்படிச் செய்யாமல், காப்புப்பிரதி மென்பொருள் எப்போது நின்றது என்று அறிய நிகழ்வுப் பதிவைத் திறந்தார்.

மென்பொருள் நின்றதற்குச் சற்று முன் ஒரு 7045 பதிவு இருந்தது. சர்வரில் புதிய சேவை ஒன்று நிறுவப்பட்டிருக்கிறது என்பது அதன் பொருள். சேவையின் பெயர் அர்த்தமில்லாத எட்டு எழுத்துகள். நேரம் நள்ளிரவைத் தாண்டியிருந்தது. பாதுகாப்புப் பதிவில் அதே நிமிடத்தில் ஒரு 4624, அதாவது வெற்றிகரமான உள்நுழைவு. வகை 3, வலையமைப்பு வழியாக வந்தது. கணக்கு, சர்வரின் உள்ளூர் நிர்வாகி. வந்த முகவரி, ஆவணப் பிரிவில் இருந்த ஒரு பயனர் கணினி.

அந்த நேரத்தில் ஆவணப் பிரிவில் யாரும் இல்லை. அதைவிட முக்கியமாக, ஒரு பயனர் கணினி கோப்பு சர்வருக்குள் உள்ளூர் நிர்வாகியாக நுழைவதற்கு எந்த நேரத்திலும் எந்தக் காரணமும் கிடையாது. அவர் எதையும் தொடாமல் பொறுப்பாளரை அழைத்தார். பெரும் இழப்பைத் தவிர்த்தது அந்த அழைப்புதான் என்று உறுதியாக நம்புகிறேன். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் கும்பல்கள், பூட்டுவதற்கு முன் காப்புப்பிரதிகளை முடக்குவது வழக்கம். அந்த இரவில் நடந்தது முடக்கும் வேலை. பூட்டும் வேலை இன்னும் தொடங்கியிருக்கவில்லை.

அணைப்பதா, துண்டிப்பதா

நிர்வாகத்திடமிருந்து வந்த முதல் உத்தரவு, எல்லா சர்வர்களையும் உடனே அணைக்கச் சொன்னது. பதற்றத்தில் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் கணினியை அணைத்தால் நினைவகத்தில் இருப்பது அழிந்துவிடும். எந்த நிரல் ஓடியது, எந்த முகவரியோடு பேசியது, யாருடைய நற்சான்றுகள் (கடவுச்சொல் போன்ற உள்நுழைவுத் தகவல்கள்) அங்கே கிடந்தன என்பதற்கான தடயங்களில் பல நினைவகத்தில் மட்டுமே இருக்கும். எனவே கணினிகளை ஓடவிட்டு, வலையமைப்பைத் துண்டிப்பது என்று முடிவானது.

முதலில் காப்புப்பிரதி சர்வரின் வயர் பிடுங்கப்பட்டது. மற்றதெல்லாம் அதன் பிறகுதான். அடுத்து இணைய இணைப்பு, அதன்பின் தளங்களுக்கிடையேயான சுவிட்ச் இணைப்புகள். பயனர்களிடம், கணினியை அணைக்கவோ மறுபடி தொடக்கவோ வேண்டாம் என்று நேரில் போய்ச் சொல்லப்பட்டது. எல்லாத் தகவல் பரிமாற்றமும் தொலைபேசியில்தான் நடந்தது. அலுவலக மின்னஞ்சலை ஊடுருவியவர்கள் படித்துக்கொண்டிருக்கலாம் என்று வைத்துக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டியிருந்தது.

காப்புப்பிரதி சர்வரும் டொமைனில் இணைந்தே இருந்தது. டொமைன் கைமாறினால் அதுவும் கூடவே போயிருக்கும். ஆறுதலான ஒன்று இருந்தது. மாத இறுதியில் முக்கியக் கோப்புகளை ஒரு வெளி வட்டில் எடுத்துப் பூட்டிவைக்கும் பழக்கம் ஒரு பணியாளருக்கு இருந்தது. யாரும் சொல்லி அவர் அதைச் செய்யவில்லை. விசாரணை முடியும்வரை, நம்பத்தக்க பிரதி என்று எங்களிடம் இருந்தது அந்த வட்டு ஒன்றுதான்.

அவர்கள் வந்த வழி

ஆவணப் பிரிவுக் கணினியின் வட்டையும் நினைவகத்தையும் பிரதி எடுத்துப் பார்த்தபோது தொடக்கம் தெளிவானது. விலைப்பட்டியல் என்ற பெயரில் வந்த மின்னஞ்சலில் சுருக்கப்பட்ட கோப்பு ஒன்று இருந்தது. அதற்குள் ஆவணம் போலத் தோற்றமளிக்கும் குறுக்குவழிக் கோப்பு. அதைச் சொடுக்கியதும் பின்னணியில் ஒரு நிரல் இறங்கியது. வைரஸ் எதிர்ப்பு மென்பொருள் அதை அடையாளம் காணவில்லை.

பயனருக்கு நிர்வாகி உரிமை இல்லாததால் நிரலுக்கும் இல்லை. அத்துடன் அது முடங்கியிருக்க வேண்டும். முடங்காமல் போனதற்குக் காரணம் பல ஆண்டுகளாக யாரும் திறந்துபார்க்காத ஒரு சிறிய கோப்பு.

டொமைன் கண்ட்ரோலரில் சிஸ்வால் என்ற பகிர்வுக் கோப்புறை இருக்கும். குரூப் பாலிசிகள் எல்லாம் அதில்தான் கோப்புகளாக இருக்கின்றன. ஒவ்வொரு கணினியும் தனக்கான விதிகளை அங்கிருந்து படிக்க வேண்டும் என்பதால், டொமைனில் உள்நுழைந்த யாரும் அதைப் படிக்கலாம். முன்பெல்லாம் உள்ளூர் நிர்வாகியின் கடவுச்சொல்லைக் குரூப் பாலிசி மூலமே வைக்கும் வசதி இருந்தது. அப்படி வைத்தால், குரூப்ஸ் என்ற எக்ஸ்எம்எல் கோப்பில் சிபாஸ்வேர்டு என்ற பண்பாக அந்தக் கடவுச்சொல் பதிவாகும். மறையாக்கம் செய்யப்பட்டுத்தான் இருக்கும். ஆனால் மறைநீக்கும் சாவி உலகம் முழுவதற்கும் ஒன்றே. மைக்ரோசாஃப்ட் தன் தொழில்நுட்ப ஆவணத்திலேயே அதை வெளியிட்டிருந்தது. 2014 மே மாதம் வந்த எம்எஸ்14-025 புதுப்பிப்பு, புதிதாக இப்படிக் கடவுச்சொல் வைப்பதைத் தடுத்தது. ஏற்கெனவே வைக்கப்பட்டவற்றை அது நீக்கவில்லை.

இங்கே அந்தக் கோப்பு அப்படியே கிடந்தது. கணக்கின் பெயர், அடுத்து நீண்ட எழுத்துச்சரம், கடைசியாக மாற்றப்பட்ட தேதி. தேதி அந்தப் புதுப்பிப்புக்கும் முந்தியது. நீண்ட எழுத்துச்சரத்தைப் படிக்கத்தக்க கடவுச்சொல்லாக மாற்ற ஒரு நொடிகூட ஆகாது. அந்தக் காலத்துப் பணியாளர்கள் எப்போதோ விலகிவிட்டிருந்தார்கள். புதியவர்களுக்குக் கடவுச்சொல் தெரியும். அது எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்பது தெரியாது.

அதன்பின் எல்லாக் கணினிகளிலும் ஒரே சாவி. விண்டோஸில் மற்ற உள்ளூர் நிர்வாகிக் கணக்குகள் வலையமைப்பு வழியாக வந்தால் முழு உரிமை கிடைக்காது. நிறுவும்போதே உருவாகும் அந்த முதல் நிர்வாகி கணக்குக்கு, இயல்பு அமைப்பில், இந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஊடுருவியவர்கள் கணினி கணினியாகப் போய் ஒவ்வொன்றின் நினைவகத்தையும் துழாவினர். அவற்றில் ஒன்றில், அச்சுப்பொறியைச் சரிசெய்யப் போய்ச் சாளரத்தை மட்டும் மூடிவிட்டு வந்த பணியாளரின் அமர்வு உயிரோடு இருந்தது. டொமைன் நிர்வாகியின் நற்சான்று அங்கே கிடைத்தது. அடுத்து டொமைன் கண்ட்ரோலர்.

சர்வர் அறையின் கதவு, மாதாந்திரப் புதுப்பிப்பு, வாசல் ஃபயர்வால் ஆகிய எதையும் அவர்கள் உடைக்கவில்லை. இந்த நிகழ்வு முழுவதிலும் என்னை மிகவும் பாதித்தது இதுதான். ஒரு சர்வரின் பாதுகாப்பு, அதன் நிர்வாகி வேறு எந்தக் கணினியில் எல்லாம் உள்நுழைகிறார் என்பதைப் பொறுத்தது. சர்வர்களைத் தனியாகவும் பயனர் கணினிகளைத் தனியாகவும் பட்டியலிட்டுப் பாதுகாக்கும் முறை இந்த உறவைப் பார்ப்பதே இல்லை.

எல்லாம் புதுப்பித்திருந்துமா என்று நிர்வாகத்தினர் திரும்பத் திரும்பக் கேட்டனர். 2017 ஜூனில் பரவிய நாட்பெட்யா என்ற தீநிரலை எடுத்துக்காட்டினோம். அந்த ஆண்டு மார்ச்சில் வெளிவந்த எம்எஸ்17-010 புதுப்பிப்பை நிறுவியிருந்த கணினிகளையும் அது வீழ்த்தியது. ஒரு கணினியின் நினைவகத்திலிருந்து எடுத்த நற்சான்றுகளைக் கொண்டு, முறையான நிர்வாகக் கருவிகள் வழியாகவே அடுத்த கணினிக்குத் தாவியது. புதுப்பிப்பு அடைப்பது மென்பொருளின் ஓட்டையை. சரியான கடவுச்சொல்லோடு வருபவரை அது தடுக்காது.

கடவுச்சொற்களை எப்போது மாற்றுவது

முதல் நாளே எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றிவிட வேண்டும் என்ற அழுத்தம் இருந்தது. ஊடுருவியவர்கள் உள்ளே இருக்கும்போது மாற்றினால், புதியவையும் அவர்கள் கைக்குப் போகும். எனவே முதலில் துண்டிப்பு, பிறகு சுத்தமான டொமைன் கண்ட்ரோலர்கள், அதன்பின் எல்லாக் கடவுச்சொற்களும் ஒரே வீச்சில் என்று வரிசை அமைந்தது.

டொமைன் கண்ட்ரோலர்களை அழித்து, புதிய நிறுவலில் அடைவுத் தரவை (டொமைனின் கணக்குகள், குழுக்கள், உரிமைகள் அடங்கிய பதிவேட்டை) மட்டும் கொண்டுவந்தோம். டொமைனையே புதிதாகத் தொடங்குவது இதைவிடத் தூய்மையான வழி. கணக்கியல் மென்பொருள் பழைய டொமைனோடு இறுகப் பிணைந்திருந்ததால் அந்த வழி கைவிடப்பட்டது. பழைய தரவைத் தொடர்ந்து பயன்படுத்துவதென்றால், அதற்குள் மறைவாசல் இல்லை என்று நாமே தேடி உறுதிசெய்ய வேண்டும். நிர்வாகக் குழுக்களின் உறுப்பினர்கள், பொருள்கள் மீதான உரிமைப் பட்டியல்கள், ஒவ்வொரு குரூப் பாலிசி, திட்டமிட்ட பணிகள் என ஒன்றுவிடாமல் பார்த்தோம். உதவிமையத்துக்கென்று பெயரிடப்பட்ட, யாரும் உருவாக்கியதாக ஒப்புக்கொள்ளாத ஒரு கணக்கு அகப்பட்டது.

டொமைனில் உள்நுழைந்தவரை அடையாளம் காட்டும் கெர்பரோஸ் அனுமதிச்சீட்டுகளுக்கு முத்திரையிடும் கேஆர்பிடிஜிடி கணக்கின் கடவுச்சொல்லை இரண்டு முறை மாற்ற வேண்டும். முந்தைய கடவுச்சொல்லையும் அமைப்பு ஏற்றுக்கொள்வதால், ஒருமுறை மாற்றினால் திருட்டுச் சீட்டுகள் செல்லாமல் போகாது. சாதாரண நாட்களில், சீட்டின் இயல்பு ஆயுளான 10 மணி நேரம் கழிந்த பிறகே இரண்டாவது மாற்றத்தைச் செய்வார்கள். இல்லாவிட்டால் நடந்துகொண்டிருக்கும் வேலைகள் தடைபடும். இங்கே பயனர்கள் ஏற்கெனவே துண்டிக்கப்பட்டிருந்தனர், தடைபட எதுவும் இல்லை. முதல் மாற்றம் இரண்டாவது கண்ட்ரோலருக்கும் போய்ச் சேர்ந்ததை உறுதிசெய்துகொண்டு உடனே இரண்டாவதையும் செய்தோம்.

எத்தனை கணினிகளை அழிப்பது

தொற்றிய கணினிகளை மட்டும் அழித்து நிறுவினால் போதும் என்பதே முதல் திட்டம். எவை தொற்றின என்று நிகழ்வுப் பதிவுகளைப் பார்க்கப் போனபோது திட்டம் சரிந்தது. பயனர் கணினிகளில் பாதுகாப்புப் பதிவின் அளவு இயல்பான 20 மெகாபைட்டிலேயே விடப்பட்டிருந்தது. நிரம்பியதும் பழையவற்றின் மேல் புதியவை எழுதப்படும். பல கணினிகளில் நமக்குத் தேவையான இரவின் பதிவே இல்லை. பதிவுகள் வேறு எங்கும் சேகரிக்கப்படவும் இல்லை. சந்தேகத்துக்கு இடமில்லை என்று எந்தக் கணினியையும் சொல்ல முடியாத நிலையில், அனைத்தையும் அழித்து நிறுவ முடிவானது. பதிவுகளை ஒரு மையச் சர்வருக்கு அனுப்பியிருந்தால் இந்தச் சுமையில் பெரும்பகுதி இருந்திருக்காது.

லினக்ஸ் சர்வர்களை யாரும் தொட்டதற்கான அடையாளம் இல்லை. ஆனால் அவற்றில் இரண்டின் ரூட் (லினக்ஸின் முழு உரிமையுள்ள நிர்வாகி கணக்கு) கடவுச்சொல், அந்த எக்ஸ்எம்எல் கோப்பில் இருந்ததேதான்.

புதிய ஒழுங்கு

உள்ளூர் நிர்வாகி கடவுச்சொல்லை இனி லாப்ஸ் என்ற மைக்ரோசாஃப்ட் வசதி நிர்வகிக்கும். ஒவ்வொரு கணினிக்கும் வெவ்வேறு கடவுச்சொல், குறித்த இடைவெளியில் தானாக மாறும். அடைவில் அதற்கென உரிமை பெற்றவர் மட்டுமே படிக்கலாம். 2023 ஏப்ரல் முதல் இது விண்டோஸிலேயே உள்ளடங்கி வருவதால் தனியாக எதுவும் நிறுவத் தேவையில்லை. இந்த ஒரு மாற்றம் முன்பே நடந்திருந்தால், ஊடுருவல் ஆவணப் பிரிவின் ஒரு மேசையோடு நின்றிருக்க நல்ல வாய்ப்பு இருந்தது.

நிர்வாகக் கணக்குகள் மூன்று அடுக்காகப் பிரிக்கப்பட்டன: டொமைன் கண்ட்ரோலர்களுக்கு ஒன்று, மற்ற சர்வர்களுக்கு ஒன்று, பயனர் கணினிகளுக்கு ஒன்று. மேல் அடுக்குக் கணக்கு கீழ் அடுக்குக் கணினியில் உள்நுழைவதைக் குரூப் பாலிசியே மறுக்கும். மின்னஞ்சலும் இணைய உலாவலும் இல்லாத தனி நிர்வாகக் கணினி ஒன்று வைக்கப்பட்டது. பணியாளர்களுக்கு இது பிடிக்கவில்லை. ஒரே வேலைக்கு மூன்று கணக்குகளா, அழைப்புகள் தேங்கும் என்றனர். அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. தொடக்கத்தில் தேங்கவும் செய்தது. இருந்தும் இதில் விட்டுக்கொடுக்கவில்லை. அச்சுப்பொறியைச் சரிசெய்ய டொமைன் நிர்வாகி தேவையே இல்லை.

அதிகச் சண்டை நடந்தது இன்னொரு விதியில். பயனர் கணினி இன்னொரு பயனர் கணினியோடு பேச வேண்டிய அவசியம் அநேகமாக இல்லை. எனவே ஒவ்வொரு கணினியின் விண்டோஸ் ஃபயர்வாலிலும், கோப்புப் பகிர்வுக்கும் தொலை நிர்வாகத்துக்கும் பயன்படும் 445, 3389, 135, 5985 போர்ட்களுக்கு உள்வரும் இணைப்புகள் நிர்வாகக் கணினியிலிருந்து மட்டும் என்று சுருக்கப்பட்டன. விதி அமலான அன்றே ஒரு பிரிவு முழுவதும் வேலை நின்றது. அங்கே ஒருவரின் கணினியில் பகிரப்பட்ட கோப்புறையில்தான் அந்தப் பிரிவின் எல்லா வேலையும் இருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. அந்தக் கோப்புறைக்குக் காப்புப்பிரதியும் கிடையாது. விதியைத் தளர்த்தச் சொன்னார்கள். கோப்புறையைக் கோப்பு சர்வருக்கு மாற்றினோம்.

கணக்கியல் மென்பொருளின் சேவைக் கணக்கு டொமைன் நிர்வாகிகள் குழுவில் இருந்தது. அது இல்லாமல் ஓடாது என்று மென்பொருளை வழங்கியவர்கள் சாதித்தனர். சோதனைப் பிரதியில் உரிமைகளை ஒவ்வொன்றாகக் குறைத்துப் பார்த்ததில், தரவுத்தளத்தின் மீதும் இரண்டு கோப்புறைகளின் மீதும் எழுதும் உரிமை மட்டுமே தேவைப்பட்டது.

காப்புப்பிரதி சர்வர் டொமைனிலிருந்து வெளியே எடுக்கப்பட்டது. ஒரு பிரதி எப்போதும் வலையமைப்பில் இணையாமல் இருக்கும். வெளி வட்டில் எடுத்துவைத்த பணியாளரின் பழக்கம் இப்போது எழுத்தில் உள்ள நடைமுறை. லினக்ஸ் சர்வர்களில் ரூட் உள்நுழைவும் கடவுச்சொல் உள்நுழைவும் நிறுத்தப்பட்டு, சாவி மட்டும் ஏற்கப்படுகிறது.

பிறகு நடந்தவை

கோப்புப் பகிர்வு நெறிமுறையான எஸ்எம்பியின் பழைய பதிப்பு 1 நிறுத்தப்பட்டதும், ஒரு பழைய ஸ்கேனர் கோப்பு அனுப்ப மறுத்தது. அதற்காக அந்த நெறிமுறையைச் சர்வரில் மீண்டும் திறக்கச் சொன்ன கோரிக்கை ஏற்கப்படவில்லை. ஸ்கேனர் மின்னஞ்சல் வழியாக அனுப்பும்படி மாற்றியமைக்கப்பட்டது. லாப்ஸ் கடவுச்சொற்களைப் படிக்கும் உரிமை தேவையில்லாத ஒரு குழுவுக்கும் போயிருந்தது. முதல் மறுஆய்வில் பிடிபட்டுக் குறைக்கப்பட்டது.

சில மாதங்களுக்குப் பிறகு இன்னொரு பயனர் இதே வகைக் கோப்பைத் திறந்தார். அங்கிருந்து கிளம்பிய நிரல் அண்டைக் கணினிகளின் 445 போர்ட்டைத் தட்டியது, எதுவும் திறக்கவில்லை. மறுக்கப்பட்ட முயற்சிகள் மையப் பதிவில் குவிந்து எச்சரிக்கை எழுந்தது. அந்த ஒரு கணினி அன்றே அழித்து நிறுவப்பட்டது.

மாற வேண்டியவை

மீண்டும் இப்படி ஒரு வேலை வந்தால் வரிசை வேறாக இருக்க வேண்டும். ஊடுருவல் நடக்கும்வரை காத்திராமல், எந்த நிறுவனமும் இன்றே செய்யக்கூடியது சிஸ்வாலில் சிபாஸ்வேர்டு என்ற சொல்லைத் தேடுவது. ஒரே கட்டளை போதும். அகப்பட்டால் கோப்பை நீக்குவதோடு நிறுத்தாமல் அந்தக் கடவுச்சொல்லையும் எல்லா இடங்களிலும் மாற்ற வேண்டும். இரண்டாவது, பதிவுகளை மையத்தில் சேர்ப்பது. மற்ற எந்தக் கட்டுப்பாட்டுக்கும் முன்னால் இது வர வேண்டும் என்பது என் கருத்து. அது இல்லாமல் மற்றவை வேலை செய்கின்றனவா என்றே தெரியாது.

மூன்றாவது, மனிதர்களோடு தொடர்புடையது. ஆவணப் பிரிவில் அந்தக் கோப்பைத் திறந்தவர், அது திறக்கவில்லை என்று பலமுறை சொடுக்கியிருக்கிறார். ஏதோ சரியில்லை என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் அன்றே சொல்லியும் இருக்கிறார். தொழில்நுட்பப் பிரிவிடம் சொல்லவில்லை. முன்பு ஒருமுறை இதுபோல் சொன்ன இன்னொருவர் எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொள்ளப்பட்டதை அவர் பார்த்திருந்தார். அவர் சொல்லியிருந்தால் ஊடுருவியவர்களுக்குக் கிடைத்த அவகாசத்தில் பெரும்பகுதி கிடைத்திருக்காது. இப்போது சந்தேகத்தைத் தெரிவிக்கத் தனித் தொலைபேசி எண் உண்டு. தெரிவித்தவர் மீது நடவடிக்கை இல்லை என்று எழுத்தில் அறிவிக்கப்பட்டிருக்கிறது. இரண்டாவது சம்பவத்தில் அந்தப் பயனர், மையப் பதிவின் எச்சரிக்கை எழும் முன்பே அழைத்துவிட்டார்.

ஒன்று இன்னும் முடியவில்லை. கணக்கியல் சர்வர், 2023 அக்டோபரில் ஆதரவு முடிந்த விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2 மீதே ஓடுகிறது. மென்பொருளின் புதிய பதிப்பு வரும்வரை அதை மாற்ற வழியில்லை. அதுவரை அது தனி வலைப்பிரிவில், தேவையான போர்ட்கள் மட்டும் திறந்த நிலையில், இணையத் தொடர்பே இல்லாமல் இருக்கிறது. மாற்றும் பொறுப்பு யாருடையது, எந்தக் காலாண்டுக்குள் என்பது நிர்வாகக் கூட்டக் குறிப்பில் பதிவாகியுள்ளது.